வாளைத் துறந்த உபதேசியார்



படைத்தலைமை பூண்டிருந்த ஒருவர் அதனைக் கைவிட்டுத் தொண்டராகிய வரலாறு நமக்குப் புதியதன்று. பல்லவ மன்னனுக்காக வாதாபி நகரை அழித்து மீண்ட பரஞ்சோதியார், அரசனால் விடை கொடுக்கப்பெற்று, திருச்செங்காட்டங்குடியிலே அடியார்க்கு அமுதளித்து வாழ்ந்து, சிறுத்தொண்டர் என்னும் பெயரோடு அறுபத்துமூவருள் ஒருவராய் விளங்குவதைப் பெரியபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தார் அனைவரும் அறிவர். மேனாட்டிலும் இத்தகையோர் உண்டு. 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் காலிலே குண்டடிபட்டுப் படுக்கையிற் கிடந்த இஞ்ஞாசியார் என்னும் ஸ்பானிய வீரர், பொழுதுபோக்குக்கு வேறு நூல் கிடையாமையால் கிறீஸ்துவின் சரிதையையும் புனிதர் சரிதைகளையும் வாசித்து, அதனாலேயே வாளைத் துறந்து, பின்னாளில் இயேசு சபையை நிறுவினார்.

இவ்விருவரையும் உலகம் அறியும். இன்று யான் பேச எடுத்துக்கொண்டவரோ பெரும்பாலும் மறக்கப்பட்டவர். திருச்செங்காட்டங்குடிக்கு நெடுந்தொலைவில் இல்லாத தரங்கம்பாடியோடு தொடர்புடையவர். தஞ்சை அரசனின் படையிலே சேர்வைக்காரனாய் இருந்து, அதனை விட்டு, காவிரி நாட்டுச் சிற்றூர்களிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிறீஸ்தவ உபதேசியாராய் நடந்து திரிந்த இராசநாயக்கர். பெயரைக் கேட்டு நாயக்க குலத்தவர் என்று எவரும் மயங்க வேண்டா. அவர் பிறந்தது பறையர் குலத்திலே. அவர் வாழ்க்கையின் பெரும் வினா எழுந்ததும் அப்பிறப்பினாலேதான்.

முதலில் அந்தக் காலத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தஞ்சையில் இரகுநாத நாயக்கர் ஆண்ட நாளில், 1620இல், டென்மார்க்கு நாட்டு வணிகர் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே ஒரு கோட்டை கட்டினர். பின்னர் நாயக்கர் ஆட்சி மறைந்து மராட்டியர் தஞ்சையை ஆண்டனர். 1706 யூலை மாதத்திலே சீகன்பால்க்கு, புளுட்சோ என்னும் இரண்டு ஜேர்மானிய இளைஞர் டென்மார்க்கு அரசனால் அனுப்பப்பெற்றுத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்க்கு தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்களும், இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் வந்தன. வந்த எழுத்துக்கள் பருமனாய் இருந்தமையாற் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்பர். 1714இலே நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த புத்தகம் தமிழில் அச்சாகி வெளிவந்தது. அந்தப் புத்தகமே நம் கதையில் முக்கியமான பாத்திரம்.

இராசநாயக்கர் 1700இல் பிறந்தார். பாட்டனார் காலத்திலேயே குடும்பம் கத்தோலிக்க மதத்தைத் தழுவியிருந்தது. தஞ்சை அரசுக்குப் படைச்சேவகஞ் செய்தல் குடும்பத் தொழில். சேர்வைக்காரன் என்றால் ஒரு சிறு படைக்குத் தலைவன். அக்காலத் தஞ்சையிலே சேர்வைக்காரன் வெறும் வாயிற்காவலனாய் இருக்க முடியாது. 1720ஆம் ஆண்டுகளிலே இராமநாதபுரச் சேதுபதிகளின் பட்ட உரிமைச் சண்டையிலே தஞ்சை அரசு மாறி மாறித் தலையிட்டுப் படை அனுப்பிக்கொண்டிருந்தது. வாள் பிடித்தவனுக்கு வேலை குறையாத காலம் அது.

இந்தப் படைவீரர், இருபது வயதைக் கடந்த பின்னரே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். எதற்காக? கத்தோலிக்கப் புனிதர்களின் சரிதைகளைத் தாமே வாசிக்க வேண்டும் என்ற ஆசையினால். ஏட்டைக் கையிலெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒருவர், தமக்குக் கீழே ஆட்கள் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும் பதவியிலுள்ளவர், சிறு பிள்ளைகளைப் போல எழுத்துக் கூட்டத் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது, பாடசாலையிலே வாழ்நாளைக் கழித்த எனக்கு அவர்மேல் தனிப்பட்ட ஒரு மதிப்புத் தோன்றுகிறது. வளர்ந்தவன் எழுத்துக் கற்பது எத்துணைக் கூச்சம் தரும் காரியம் என்பதை முதியோர் வகுப்பு நடத்தியவர்களே அறிவர்.

புனிதர் சரிதைகளை வாசித்தவருக்கு, அப்புனிதர்கள் எவரைப் பின்பற்றினரோ அவருடைய சரிதையை முழுமையாக அறியும் வேட்கை உண்டாயிற்று. ஊர் ஊராய்த் திரிந்த கத்தோலிக்கப் பண்டாரம் ஒருவரிடம், தரங்கம்பாடியில் அச்சிட்ட அந்தச் சுவிசேஷப் புத்தகம் இருந்தது. இராசநாயக்கர் அதனைக் கண்டார். இரவல் பெற்று வாசித்தார். வாசித்ததோடு அமையாது தம் கையினாலே பிரதி செய்துகொண்டார். அச்சுப் பொறியிலிருந்து பிறந்த நூல் மீண்டும் கையெழுத்தாயிற்று. அந்நாளிற் புத்தகம் பரவிய வழி அதுவே. தம்மைச் சூழ்ந்திருந்த வீரர்களுக்கும் வீட்டாருக்கும் அதனை வாசித்துக் காட்டினார். பின்பு தரங்கம்பாடிப் பாதிரிமாருக்குக் கடிதம் எழுதினார். 1727இலே நேரில் அங்கே சென்று அவர்களுடைய சபையிற் சேர்ந்தார். சீகன்பால்க்கு அப்போது உயிரோடு இல்லை. 36 வயதிலேயே, 1719இல், இறந்துபோனார். அவர் அச்சிட்ட புத்தகம், அவர் ஒருநாளும் கண்டிராத ஒரு படைவீரரை அவருடைய சபைக்கு அழைத்து வந்தது.

சபை மாறியதனால் வந்த துன்பம் சிறிதன்று. இராசநாயக்கரும் குடும்பத்தாரும் பழைய சபையாரின் பகையைப் பெற்று வருந்தினர். அக்காலத்திலே அப்பக்கத்து நாட்டிலே கத்தோலிக்கத் தொண்டாற்றியவர் வேறு யாருமல்லர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே. தரங்கம்பாடியாரின் கொள்கைகளை மறுத்து அவர் 1728இல் வேத விளக்கம் என்னும் நூலை எழுதினார். தமிழுரைநடைக்கு அது ஒரு பெருங்கொடை. ஆயினும் அந்த வாதப்போர் நூலிலே மாத்திரம் நிற்கவில்லை. ஊர்களிலும் அடிதடியாய் இறங்கிற்று. புனிதர் சரிதை வாசித்து வாளைத் துறந்த இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்தவர் வீரமாமுனிவர். புனிதர் சரிதை வாசிக்கத் தொடங்கி வாளைத் துறந்தவர் இராசநாயக்கர். இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். வரலாறு சிலவேளைகளில் இப்படியும் விளையாடுகிறது.

அரச சேவகத்தை அவர் விட்டார். படைச்சேவகத்திலே சம்பளமும் உண்டு, அதைவிடப் பெரிதாய் ஒரு மானமும் உண்டு. பிறப்பினாலே ஊரார் தள்ளிவைத்த குலத்தவனுக்கு, அரண்மனை கொடுத்த வாளும் சேர்வைக்காரன் என்ற பட்டமும் ஊர் நடுவே நிமிர்ந்து நடக்க இடந்தந்தன. அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சுவடிக்கட்டோடு அதே ஊர்களிலே மறுபடியும் நடக்க வேண்டுமானால் எத்துணை மனத்துணிவு வேண்டும்! பரஞ்சோதியாரை மன்னன் பொன்னும் பொருளுங் கொடுத்து வணங்கி அனுப்பினான் என்று புராணம் சொல்லும். இராசநாயக்கருக்கு அப்படி வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை.

உபதேசியார் என்ற சொல் நம் குடாநாட்டுக் கிறீஸ்தவ ஊர்களிலே நன்கு பழகியது. குருவானவர் எப்போதாவது வருவார். உபதேசியார் நாள்தோறும் வருவார். செபஞ் சொல்லிக் கொடுப்பவர், பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் நடத்துபவர், நோயாளியின் பாயருகே இருப்பவர், மரண வீட்டுக்கு முதலில் வந்து கடைசியிற் போகிறவர், கணவன் மனைவி சண்டையைத் தீர்ப்பவர், எல்லாரும் அவரே. தஞ்சை நாட்டிலே இராசநாயக்கர் செய்த வேலையும் இத்தகையதே. ஆனால் அங்கே அதற்கு ஒரு தனிக் கனம் இருந்தது. ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சை அரசின் எல்லைக்குள் விரும்பியபடி நுழைய இயலாது. சீகன்பால்க்கே முயன்று பார்த்து இடைவழியில் திரும்ப நேர்ந்தது. ஆகையால் தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிய சிறு நிலப்பகுதிக்கு அப்பால் உள்நாட்டு ஊர்களிலே சபை என்று ஒன்று வளர்ந்ததானால், அது தமிழ் உபதேசிமாரின் காலால் வளர்ந்ததே. அவர்கள் தரங்கம்பாடிக்குக் காலந்தோறும் வந்து தத்தம் ஊர்ச் செய்திகளை அறிவிப்பர். அச்செய்திகளைப் பாதிரிமார் ஜேர்மன் மொழியில் எழுதி அனுப்ப, ஹாலே நகரிலே அவை தொகுதி தொகுதியாய் அச்சாயின. இன்று இராசநாயக்கர் என்று ஒருவர் இருந்தார் என்பதை நாம் அறிவதும் அந்தத் தொகுதிகளாலேதான்.

இனி அந்தப் பெரும் வினாவுக்கு வருவோம்.

உபதேசியார் எத்தனை ஊர்களை ஆதரித்தாலும், இரண்டு காரியங்கள் அவர் கைக்கு எட்டா. ஞானஸ்நானமும் இராப்போசனமும் குருப்பட்டம் பெற்றவர் மாத்திரமே கொடுக்க வேண்டும். பாதிரிமார் வர இயலாத நாட்டிலே இது எப்படி நடக்கும்? தஞ்சையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஏறக்குறைய 60 மைல். கிழவரும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த வழியை நடந்து தீர்க்க வேண்டும். இதனை உணர்ந்த பாதிரிமார், தமிழர் ஒருவரையே குருவாக்கத் துணிந்தனர். 1733 டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் என்பவருக்குத் தரங்கம்பாடியிலே குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. கடலூர் வேளாளர் குடும்பத்திலே ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்து, சீகன்பால்க்கிடம் 1718இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். இந்திய நாட்டிலே புரட்டஸ்தாந்த சபையிற் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அச்செயலின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஐரோப்பியர் தம்மைத் தவிர வேறெவரும் எதற்கும் தகுதியற்றவர் என்று கருதிய காலத்திலே, தமிழர் ஒருவரைத் தமக்குச் சமமான குருவாய்ப் பலிபீடத்தின் முன் நிறுத்தினர்.

சில ஆண்டுகளில் ஆரோனுக்குத் துணையாய் இரண்டாம் குரு ஒருவர் வேண்டியதாயிற்று. யாரைத் தெரிவது? அப்போது இராசநாயக்கரின் பெயர் இயல்பாகவே முன்வந்தது. அவருடைய ஆற்றலையும் ஊழியத்தையும் பாதிரிமார் குறைத்து எழுதவில்லை, பாராட்டியே எழுதினர். ஆனால் அவர் கையினால் இராப்போசனங் கொடுக்கச் செய்வதற்குத் தாங்கள் தயங்குவதாகவும் எழுதினர். பறையர் குலத்தவர் ஒருவரிடமிருந்து அப்பத்தையும் கிண்ணத்தையும் வாங்க நேர்ந்தால், மேற்சாதிக் கிறீஸ்தவர்களுக்கு அந்தத் திருச்சடங்கின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1741இல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. மேற்சாதியார் அவர் கையிலிருந்து வாங்கத் தடை சொல்லவில்லை. இராசநாயக்கர் உபதேசியாராகவே நின்றார்.

நேயர்களே, இவ்விடத்தில் சற்றே நின்று நோக்க வேண்டும். அவருக்குக் கல்வி போதாது என்று எழுதியிருந்தால் நாம் ஒருவாறு ஏற்கலாம். ஒழுக்கம் போதாது என்றிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஒன்றும் அப்படி எழுதவில்லை. தகுதி உண்டென்று எழுதிய அதே கை, கொடுக்க இயலாது என்றும் எழுதிற்று. இந்த மட்டில் அந்தப் பாதிரிமார் நேர்மையானவர்கள் என்றே யான் கருதுகிறேன். இல்லாத குற்றமொன்றைப் புனைந்து தம் மனச்சாட்சியை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் நேர்மையாய் எழுதிவைத்த அச்சமும் அச்சமே. ஆரோனுக்குப் பட்டங் கொடுத்தபோது ஐரோப்பிய வணிகர் முகஞ்சுளிப்பார்களே என்று அவர்கள் அஞ்சவில்லை. ஊரார் முகஞ்சுளிப்பதற்கு மாத்திரம் அஞ்சினர்.

ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பாய் இருந்தவன் எவனும் இந்த அச்சத்தை அறிவான். ஒருவரை ஓரிடத்துக்கு நியமிக்கும் பேச்சு வரும். அவருடைய தராதரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். பின்பு யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: ‘எனக்கொன்றுமில்லை, ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளாது.’ அந்த ஊர் என்பது யார் என்று கேட்டால், மேசையைச் சுற்றி இருப்போர் ஒருவரையொருவர் பார்ப்பர். தரங்கம்பாடி மேசையைச் சுற்றியும் அந்தச் சொல்லே உலவியிருக்க வேண்டும்.

தரங்கம்பாடியாரை மாத்திரம் குறைகூறி நாம் தப்பிக்க முடியாது. அதே சோழநாட்டு ஆதனூரிலே பிறந்த நந்தனார், தில்லைக் கோயிலுக்குள் புகத் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்று பெரியபுராணமே சொல்கிறது. நம் குடாநாட்டிலோ, 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்விப் பகுதியார் வற்புறுத்தியபோது, அதற்கு எதிராக மனுக்கள் எழுந்தன. பாடசாலைக் கொட்டில்கள் சில தீக்கிரையாயின. ஒரு பிள்ளை தரையில் இருக்காமல் வாங்கில் இருந்தது என்பதற்காகக் கூரைக்கு நெருப்பு! 1957இலே இக்கொடுமைகளைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் என்ன நடந்தது என்பதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தரங்கம்பாடியின் கிண்ணமும் நம் பாடசாலை வாங்கும் ஒரே வினாவைத்தான் கேட்டன.

இராசநாயக்கர் இதற்கு என்ன செய்தார்? வேலையை விடவில்லை. பழைய சபைக்குத் திரும்பவில்லை. படைக்கும் போகவில்லை, போயிருந்தால் அக்காலத்தில் எந்தப் பாளையத்திலும் அவருக்கு இடங் கிடைத்திருக்கும். 1741க்குப் பின் மேலும் முப்பது ஆண்டுகள் அவர் அதே சோழநாட்டிலே உபதேசஞ் செய்தார். அந்த முப்பது ஆண்டுகளும் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1749இல் சந்தாசாகிபுவும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட வந்தனர். அதே ஆண்டு ஆங்கிலேயர் தேவிக்கோட்டையைப் பிடித்தனர். நெல் விளைந்த வயல்கள் குதிரைப்படைக்குத் தீவனமாயின. முன்னாளில் படைநடத்தியவர், இப்போது படைகளுக்கு அஞ்சி ஓடும் குடியானவரோடு வாழ்ந்தார். தீப்பட்ட ஊர் எப்படி இருக்கும் என்பதை அவ்வூர்க்காரரைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

அவர் எழுத்தறிவித்து வேதம் படிப்பித்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தை பிறந்தால், அதற்குச் செபஞ் சொல்பவர் அவர். ஞானஸ்நானம் கொடுப்பவர் வேறொருவர். கிழவன் சாகக் கிடந்தால், இரவெல்லாம் பக்கத்தில் இருப்பவர் அவர். இராப்போசனத்துக்கு வேறொருவரை எதிர்பார்த்திருக்க வேண்டும். வருபவர் வருமுன் கிழவன் இறந்துபோனால், அடக்கஞ் செய்பவர் மறுபடியும் அவரே. ஆரோனும் 1745இல் இறந்துபோனார். அந்தக் காத்திருப்பின் பாரத்தைச் சுமந்தவர்கள் மேற்சாதியார் மாத்திரமல்லர், எல்லாச் சாதி ஏழைகளுமே. சாதி காத்த பேரால் இழந்தவர் யார் என்ற கணக்கை எந்த ஏட்டிலும் யான் காணவில்லை.

1771இலே இராசநாயக்கர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 71. அந்த ஆண்டிலும் ஆற்காட்டு நவாபின் படை தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்திருந்தது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் தஞ்சையிலே நிலையாய்த் தங்கிய சுவார்ச்சு ஐயரைத் தமிழுலகம் நன்கறியும். 1779இல் கோட்டைக்குள்ளே அவர் கட்டிய ஆலயத்தையும் அறியும். அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டு வரப்புகளிலே சுவடியோடு நடந்தவரை அறிந்தவர் சிலரே. 1790இல் சுவார்ச்சு ஐயரின் துணைவரான சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அவரும் வேளாளரே.

பின்னர் 1833இலே கல்கத்தா அத்தியட்சராயிருந்த தானியேல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி பார்த்துத் தனித்தனியே இருத்தலும், தனித்தனியே இராப்போசனத்துக்கு வருதலும் இனி முற்றாக ஒழியவேண்டும் என்று ஒரு நிருபம் அனுப்பினார். அது சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபையாருக்கு அறிவிக்கப்பட்டது. தஞ்சையிலே மேற்சாதிக் கிறீஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். இராசநாயக்கர் இறந்து அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.